காமா வானத்தில் கப்பல் சங்கு உண்டா?

மாடிவீடு_ராயபுரம் · ஞாயிறு, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். பகலில் எனக்குக் கன்டெய்னர் கணக்கு எழுதுகிற வேலை. ராத்திரியில் அதே எக்ஸெல்லைத் திறந்து காமாக் கதிர் வெடிப்புகளை, அதாவது தொலைதூர வானத்திலிருந்து சில விநாடிகளுக்கு வரும் காமாப் பளிச்சுகளை, பதிந்துகொண்டிருக்கிறேன். இதற்கும் சம்பளம் உண்டா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஃபெர்மி செயற்கைக்கோளின் பட்டியல் இணையத்தில் யாரும் எடுக்கும்படி இருக்கிறது. முதலில் அதிலிருந்து ஒவ்வொரு வெடிப்பின் பிரகாசத்தையும், அது எத்தனை விநாடி நீடித்தது என்பதையும் எடுத்துப் புள்ளி வைத்தேன். முறத்தில் கொட்டிய மிளகு மாதிரி வந்தது. அப்புறம் தூரம் தெரிந்த வெடிப்புகளை மட்டும் ஆய்வுக் கட்டுரை அட்டவணைகளிலிருந்து பொறுக்கினேன். ஏறக்குறைய நூறு தேறியது. ஒரு அச்சில் மொத்த ஆற்றல், இன்னொன்றில் நிறமாலையின் உச்சி, அதாவது வெடிப்பு அதிகமாக ஆற்றலைக் கொட்டுகிற இடம், எத்தனை கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) விழுகிறது என்பது. இரண்டுமே மடக்கை அளவில். இந்தத் தடவை மிளகு ஒரு பக்கமாகச் சரிந்து கோடாகிவிட்டது! ஆற்றல் நூறு மடங்கு ஏறினால் உச்சி பத்து மடங்கு ஏறுகிறது.

என் கேள்வி இதுதான். பிரகாசமான வெடிப்பு கடுமையான, அதாவது துகளுக்குத் துகள் ஆற்றல் கூடிய, கதிரையும் கொடுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியென்றால் முதல் படத்தில் ஏன் ஒன்றுமே வரவில்லை?

கோப்பை இணைத்திருக்கிறேன்.

ஆர்க்லைட் · ஞாயிறு, இரவு 11:05

இதில் என்ன அதிசயம் தம்பி. காசிமேட்டில் இருபது வருஷமாக போட்டு ரிப்பேர் வேலை பார்க்கிறேன். இரும்பு சூடேறினால் முதலில் மங்கலான சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் கண் கூசுகிற வெள்ளை. பிரகாசமும் நிறமும் கூடவே ஏறும். உங்கள் கோடும் அதேதானே?

எண்ணூர்_எக்ஸ்ரே · திங்கள், காலை 6:50

அண்ணா, நல்ல உவமை, பாதி தூரம் வரும். சூடான இரும்பின் ஒளி வெப்பநிலையால் வருவது. அதில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் ஒளி பதினாறு மடங்காகும். காமாக் கதிர் வெடிப்பின் நிறமாலை அந்த வடிவத்தில் இருப்பதில்லை. ஒரு உச்சி இருக்கும், அதற்கு இரண்டு பக்கமும் சரிவு நீளமாக இழுத்துக்கொண்டு போகும். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கிற தாரையில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று உமிழ்வதாகப் பலர் சொல்கிறார்கள். தாரையின் மேல்தோலிலிருந்து வரும் வெப்பக் கதிர்தான் அடிப்படை என்று இன்னொரு கட்சி. சண்டை முடிந்தபாடில்லை.

மாடிவீடு அண்ணாவுக்கு: நீங்கள் போட்ட இரண்டாவது படத்துக்குப் பெயரே இருக்கிறது, அமாட்டி தொடர்பு. லொரென்சோ அமாட்டியும் கூட்டாளிகளும் 2002-இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் பிடித்த வெறும் 12 வெடிப்புகளை வைத்து எழுதினார்கள். 10-இன் 52-ஆம் அடுக்கு எர்க் ஆற்றல் கொண்டதற்கு உச்சி சுமாராக 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட். 54-ஆம் அடுக்குக்கு ஆயிரம். உங்கள் சாய்வும் அதேதான். யோனெடோகு 2004-இல் மொத்த ஆற்றலுக்குப் பதில் உச்சகட்ட ஒளிர்திறனை வைத்து அதே மாதிரி இன்னொரு கோடு போட்டார்.

முதல் படத்தில் கோடு வராததற்குக் காரணம் தூரம். நீங்கள் அதில் வைத்தது நமக்குத் தெரிகிற பிரகாசம். அது வெடிப்பின் சொந்தச் சரக்கு இல்லை. ராத்திரி மீன்பிடித் துறைமுகத்துச் சுவரில் நின்று கடலைப் பாருங்கள். பக்கத்துக் கட்டுமரத்தின் சின்ன விளக்கும், தொலைவில் நங்கூரமிட்ட கப்பலின் பெரிய விளக்கும் ஒரே அளவாகத் தெரியும். 1998 ஏப்ரலில் வந்த ஜிஆர்பி 980425 (வெடிப்புகளுக்கு வந்த தேதியே பெயர்) நமக்கு ஒரு சாதாரண வெடிப்பாகத்தான் தெரிந்தது. 12 கோடி ஒளியாண்டு, நம் பேட்டைக்குப் பக்கத்துப் பேட்டை. 1999 ஜனவரியின் 990123 அதைவிடப் பல மடங்கு தூரத்தில், செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, கூடினால் தூரமும் கூடும்) 1.6-இல் இருந்தது. சொந்த ஆற்றலில் இரண்டுக்கும் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மாடிவீடு_ராயபுரம் · திங்கள், காலை 9:15

980425 என் படத்தில் கோட்டுக்கு எங்கேயோ தள்ளி, தனியாக, இடப்பக்கம் நிற்கிறது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துவிட்டேன்.

எண்ணூர்_எக்ஸ்ரே · திங்கள், காலை 9:22

அழிக்காதீங்க! அதுதான் இந்தக் கதையில் முக்கியமான ஆள். கோட்டின்படி அதன் உச்சி ஒரே ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அளந்ததோ பல பத்து.

லோகோ_பெரம்பூர் · திங்கள், மதியம் 1:30

பிடிக்காத புள்ளியை அழித்தால் யாருக்கும் கோடு வரும். எங்கள் கான்டீன் கணக்கிலும் வரும்.

கலங்கரை · திங்கள், மாலை 5:45

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். லோகோ கிண்டலாகச் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். காதில் விழுகிற ஒவ்வொரு வெடியையும், எந்தத் தெரு, எவ்வளவு பெரிய வெடி, சத்தம் கீச்சா கனமா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நம் தெருவில் ஊசி வெடியும் கேட்கும், அணுகுண்டும் கேட்கும். நாலு தெரு தள்ளி அணுகுண்டு மட்டும்தான் கேட்கும். காலையில் நோட்டைப் பார்த்தால், தள்ளியிருக்கிற தெருக்காரன் எல்லாம் பெரிய வெடிதான் வாங்குகிறான் என்று தோன்றும். அவன் வீட்டிலும் ஊசி வெடி வெடித்தது. நம் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதைக் காமாவுக்குப் பொருத்துங்கள். 1991 முதல் 2000 வரை காம்ப்டன் விண்வெளி ஆய்வகத்தில் இருந்த பேட்ஸி கருவி 2704 வெடிப்புகளைப் பிடித்தது. அது பெரும்பாலும் 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் விழும் ஒளித்துகள்களை எண்ணி, திடீரென்று எண்ணிக்கை கூடினால் மணியடிக்கும். ஒரே அளவு ஆற்றலை இரண்டு வெடிப்புகள் அனுப்புகின்றன என்று வையுங்கள். ஒன்றின் துகள்கள் மென்மையானவை, இன்னொன்றின் துகள்கள் கடுமையானவை. கடுமையானதற்குத் துகள் ஒவ்வொன்றும் கனம், ஆகவே எண்ணிக்கை குறைவு. நூறு ரூபாயைச் சில்லறையாகக் கொட்டினால் சத்தம் கேட்கும், ஒரே தாளாக விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனவே மங்கலாகவும் கடுமையாகவும் இருக்கிற வெடிப்பு கருவியிடம் தப்பிவிடும். தம்பியின் படத்தில் அது எந்த மூலை? மேலே, இடப்பக்கம். அங்கே புள்ளி இல்லாததற்கு வானம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. தூரம் தெரிய வேண்டுமானால் வெடிப்புக்கு அப்புறம் வரும் பின்னொளியைத் தொலைநோக்கியில் பிடித்துச் செம்பெயர்ச்சியை அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அது வாய்ப்பதில்லை. தம்பியின் நூறும் இரண்டு சல்லடையிலும் தங்கிய நூறு.

லோகோ_பெரம்பூர் · திங்கள், இரவு 8:10

ஆக, கோடு டுபாக்கூர். மேட்டர் ஓவர்.

எண்ணூர்_எக்ஸ்ரே · திங்கள், இரவு 9:30

ஐயா சொன்னது சரி. அதற்கு 2005-லேயே வலுவான கட்டுரைகள் வந்துவிட்டன. நாகர், பிரான் இருவரும் ஒன்று, பேண்ட், பிரீஸ் இருவரும் ஒன்று. அவர்கள் செய்த வேலை அழகானது. பேட்ஸியின் பெரும்பாலான வெடிப்புகளுக்குத் தூரமே தெரியாது. தெரியாவிட்டால் என்ன, ஒரு வெடிப்பை எடுத்து, பக்கத்திலிருந்து பிரபஞ்சத்தின் கடைசிவரை எல்லாத் தூரத்திலும் வைத்துப் பார்ப்போம், ஏதாவது ஒரு தூரத்திலாவது அமாட்டி கோட்டில் உட்காருகிறதா என்று சோதித்தார்கள். எங்கே வைத்தாலும் உட்காராதவை ஏராளம். பேண்ட், பிரீஸ் கணக்கில் 88 சதவீதம் கோட்டோடு ஒத்துப்போகவில்லை. கோட்டைச் சுற்றி ஒரு பட்டையளவு சிதறலை அனுமதித்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று மறுதரப்பு பதில் சொன்னது.

ஆனால் லோகோ அண்ணா, மேட்டர் ஓவர் இல்லை. இடது மேல் மூலை காலியாக இருப்பது கருவியின் குறையாக இருக்கலாம், சரி. வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே வர வேண்டியவை மிகப் பிரகாசமாகவும் மென்மையாகவும் உள்ள வெடிப்புகள். துகள்கள் கொட்டோ கொட்டென்று கொட்டும். அவற்றைத் தவறவிட எந்தக் கருவிக்கும் சாக்கு கிடையாது. ஆனாலும் அந்த மூலையும் காலி.

ஐயாவின் உவமையிலேயே சொல்கிறேன். ஊசி வெடி நம் காதுக்கு எட்டாமல் போகலாம். துறைமுகத்துக் கப்பல் சங்கு எட்டாமல் போகுமா? கனத்த சத்தம், பெரிய சத்தம், ராயபுரம் முழுக்கத் தூக்கம் கெடும். சங்கு கேட்கவில்லை என்றால் துறைமுகத்தில் கப்பலே இல்லை என்றுதான் அர்த்தம். காமா வானத்தில் சங்கு இல்லை. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கோட்டின் ஒரு கரை நிஜம், ஒரு கரை சந்தேகம். கோடு என்று சொல்வதைவிட எல்லைச்சுவர் என்று சொல்வது பொருத்தம்.

கலங்கரை · திங்கள், இரவு 9:58

சபாஷ். அந்த வலது மூலையை நான் யோசிக்கவில்லை அம்மா.

ஆர்க்லைட் · செவ்வாய், காலை 7:20

எனக்கு ஒரு டவுட். தூரம்தானே எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்? ஒரே வெடிப்புக்குள்ளேயே பார்த்தால் என்ன? வெல்டிங்கில் ஒரே ராடு, ஒரே இடம், கரண்ட்டை ஏற்றி இறக்கினால் ஒளியும் ஏறி இறங்கும். அந்த மாதிரி.

எண்ணூர்_எக்ஸ்ரே · செவ்வாய், காலை 7:41

அண்ணா, நீங்கள் ஆராய்ச்சிக்கு வந்திருக்க வேண்டியவர். அதை 1983-லேயே சோவியத் நாட்டில் கோலெனெட்ஸ்கி குழு பார்த்துவிட்டது. ஒரே வெடிப்பில் பிரகாசம் ஏறும்போது உச்சியும் ஏறுகிறது, இறங்கும்போது கூடவே இறங்குகிறது. எல்லா வெடிப்பும் அப்படி நடப்பதில்லை. சிலவற்றில் உச்சி முதலிலேயே உயரத்தில் தொடங்கி, பிரகாசம் என்ன செய்தாலும் இறங்கிக்கொண்டே போகும். ஆனாலும் ஏறி இறங்குகிறவை நிறைய. அங்கே தூரம் ஒன்றுதான், சல்லடை ஒன்றுதான். ஃபெர்மி வெடிப்புகளில் இப்படித் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தபோதும் வெளியே போட்ட கோட்டின் சாய்வுக்கு நெருக்கமாகவே வந்தது. கோடு டுபாக்கூர் இல்லை என்று நான் நம்புவதற்கு இதுதான் பெரிய காரணம்.

மாடிவீடு_ராயபுரம் · செவ்வாய், மதியம் 2:05

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி. நீடித்த நேரத்துக்கும் பிரகாசத்துக்கும் தொடர்பே இல்லையா? இரண்டு விநாடிக்குக் குறைந்தால் குறு வெடிப்பு, கூடினால் நெடு வெடிப்பு என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே.

கலங்கரை · செவ்வாய், மாலை 4:30

அந்த இரண்டு விநாடி எல்லையை 1993-இல் கூவெலியோட்டு குழு பேட்ஸி தரவிலிருந்து எடுத்தது. குறு வெடிப்புகள் நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால், நெடு வெடிப்புகள் பெரிய விண்மீன் நொறுங்குவதால் என்று பொதுவாகச் சொல்வோம். குறு வெடிப்புகள் அமாட்டி கோட்டுக்கு மேலே, தனிக் கூட்டமாக நிற்கும்.

நேரத்தை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மங்கலான வெடிப்பின் வாலும் தலையும் பின்னணி இரைச்சலில் முழுகிப்போகும், நடுமுகடு மட்டும் தெரியும். அலையில் ஏறி இறங்கும் வள்ளத்தின் விளக்கு மாதிரி, முகட்டில் ஏறும்போது மட்டும் நம் கண்ணுக்கு. அதே வெடிப்பு பக்கத்தில் நடந்திருந்தால் இன்னும் நீளமாக இருந்திருக்கும். 2021 டிசம்பரில் வந்த 211211ஏ ஏறக்குறைய ஒரு நிமிடம் நெடு வெடிப்பு போலவே ஓடிவிட்டு, பிற்பாடு பார்த்தால் மோதலின் அடையாளமான கிலோநோவாவைக் காட்டியது. நேரத்தை மட்டும் வைத்துச் சாதி பிரித்தவர்களுக்கு நல்ல அடி.

லோகோ_பெரம்பூர் · செவ்வாய், இரவு 7:50

980425-ஐ அப்படியே விட்டுவிட்டீர்களே. அது ஏன் கோட்டுக்கு வெளியே?

எண்ணூர்_எக்ஸ்ரே · செவ்வாய், இரவு 10:15

உறுதியான பதில் கிடையாது, இரண்டு யோசனை இருக்கிறது. மொத்த ஆற்றல் என்று நாம் போடுவது, வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வீசியதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் அது சில பாகை அகலமுள்ள தாரை. விசைப்படகின் சர்ச் லைட் நேராக முகத்தில் அடித்தால் ஊரே வெளிச்சமாகத் தெரியும். அதை வைத்துச் சுற்றிலும் அதே வெளிச்சம் என்று கணக்கிட்டால் படகில் மின்நிலையமே இருக்க வேண்டும்! ஃப்ரெயில் குழு 2001-இல் தாரையின் அகலத்தைக் கழித்துப் பார்த்தபோது பல வெடிப்புகளின் ஆற்றல் 5 பெருக்கல் 10-இன் 50-ஆம் அடுக்கு எர்க்கைச் சுற்றிக் குவிந்தது. சூரியன் தன் ஆயுள் முழுக்கக் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி. அந்த முறையில் கிர்லாண்டா 2004-இல் போட்ட கோடு அமாட்டியைவிட இறுக்கமாக வந்தது. தாரையின் அகலத்தை அளக்கப் பின்னொளி சட்டென்று முறிந்து விழுகிற நேரம் தெரிய வேண்டும். ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் வந்தபிறகு பலவற்றில் அந்த முறிவு தெளிவாகத் தெரியவில்லை. அதனால் அந்தக் கோட்டின் மவுசு கொஞ்சம் குறைந்தது.

980425 தாரையைப் பக்கவாட்டில் பார்த்ததாக இருக்கலாம், அல்லது தாரை விண்மீனின் உடலைக் கிழித்து வெளியே வர முடியாமல் திணறியதாக இருக்கலாம். பக்கவாட்டுப் பார்வைக்குத் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் 2017 ஆகஸ்ட் 17. ஈர்ப்பலை வந்து 1.7 விநாடி கழித்து ஃபெர்மி பிடித்த குறு வெடிப்பு, 13 கோடி ஒளியாண்டு. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அத்தனை மங்கல்.

இன்னும் ஒன்று. பிரகாசமானவற்றில் கடுமையான துகளும் மென்மையான துகளும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். மங்கலானவற்றில் மென்மையானது பின்தங்கும். நோரிஸ் 2000-இல் சொன்னார். பிரகாசமானவை சரவெடி மாதிரி படபடவென்று ஏறி இறங்குவதும் உண்டு. இதற்கெல்லாம் தனித்தனிக் கோடுகள் இருக்கின்றன. இப்போது தூக்கம் வருகிறது.

லோகோ_பெரம்பூர் · புதன், காலை 6:30

சரி, கோட்டை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்?

கலங்கரை · புதன், காலை 10:20

தூரம் அளக்க ஆசை. மீவிண்மீன் (சூப்பர்நோவா) வெடிப்புகளை வைத்து அளக்கிறார்களே, அதைவிட எட்டி. 2009-இல் ஒரு வெடிப்பு செம்பெயர்ச்சி 8.2-இல் கிடைத்தது. ஆனால் ஒரு வெடிப்பின் ஆற்றலைக் கணக்கிடவே தூரம் வேண்டும், தூரத்துக்குப் பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்ற கணக்கு வேண்டும், அந்தக் கணக்கைச் சரிபார்க்க இந்தக் கோடு வேண்டும். தராசைச் சரிபார்க்க அதே தராசில் நிறுத்த கல்லையே வைத்த கதை. இன்றைய நிலையில் இது முரட்டு அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

மாடிவீடு_ராயபுரம் · புதன், இரவு 9:00

2022-இல் வந்ததே, எல்லாவற்றிலும் பெரியது, 221009ஏ. அதை என் படத்தில் வைத்தேன். அட்டவணையில் 10-இன் 55-ஆம் அடுக்கு எர்க், உச்சி 2600 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில். வலது மேல் ஓரத்தில் போய், கோட்டின் நுனியில் சமர்த்தாக உட்கார்ந்தது.

எண்ணூர்_எக்ஸ்ரே · புதன், இரவு 9:25

ஆமாம், அது கோட்டுக்கு அடங்கிய பிள்ளைதான். அதுவரை பார்த்ததில் மிகப் பிரகாசமானதைவிட 70 மடங்கு. இப்படி ஒன்று பத்தாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்பது மதிப்பீடு. வேடிக்கை என்னவென்றால், அத்தனை பிரகாசத்தை ஒழுங்காக அளக்க ஆளில்லை. ஃபெர்மி கருவிகள் துகள் வெள்ளத்தில் திணறிப்போயின. கிர்ப்ஆல்ஃபா என்ற பத்து சென்டிமீட்டர் பெட்டிச் செயற்கைக்கோள் திணறாமல் உச்சத்தை அளந்து கொடுத்தது. ஸ்விஃப்ட் ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் திரும்பியபோது, இது நம் பால்வீதியில் ஏதோ புது எக்ஸ்ரே மூலம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

எல்லாருக்கும் ஒரு விஷயம். அது நடந்தது 2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரம் மாலை 6:47-க்கு ஒரு சின்னத் துடிப்பு, பெரிய அடி 6:50 தாண்டி. அன்று பௌர்ணமி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் அந்த நிமிஷம் திருவோண நட்சத்திரம் ஏறக்குறைய தலைக்கு மேல் இருந்தது. அதிலிருந்து வடமேற்கே, கையை நீட்டி முஷ்டி மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி தள்ளி, அங்கிருந்துதான் வந்தது. 190 கோடி வருஷம் பயணம் செய்து சரியாக நம் உச்சந்தலையில். காற்றுமண்டலம் காமாவைத் தடுத்துவிட்டதால் தரையில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் இந்தியாவில் மின்னல் உணர்கருவிகள்கூட அதைப் பதிந்ததாக ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் எழுதியிருக்கிறது.

ஆர்க்லைட் · புதன், இரவு 9:40

அந்த நேரத்தில் ஒரு போட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகத்தில் வெல்டிங் ஷீல்டோடு இருந்திருப்பேன். இருந்தும் என்ன, இல்லாவிட்டால் என்ன.

லோகோ_பெரம்பூர் · புதன், இரவு 9:44

நான் நிச்சயம் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். தலையில் இடி விழுந்தாலும் தெரியாது.

எண்ணூர்_எக்ஸ்ரே · வியாழன், காலை 7:05

மாடிவீடு அண்ணா, உங்கள் கோப்பை இப்போதுதான் திறந்தேன். உழைப்பு தெரிகிறது. ஒரு சின்ன விஷயம். உச்சியை நாம் அளந்தபடி வைக்கக் கூடாது, ஒன்று கூட்டல் செம்பெயர்ச்சியால் பெருக்கி வெடிப்பின் சொந்த இடத்து மதிப்பாக மாற்ற வேண்டும். 41, 57, 88 மூன்று வரிசைகளில் பெருக்க மறந்திருக்கிறீர்கள்.

மாடிவீடு_ராயபுரம் · வியாழன், காலை 8:50

திருத்திவிட்டேன். 41-இல் பெரிய மாற்றம் இல்லை. 57 கோட்டுக்குள் வந்துவிட்டது. 88 இதுவரை நல்ல பிள்ளையாக உள்ளே இருந்தது, இப்போது மேலே ஏறி இடது மூலைப் பக்கம் போய் நிற்கிறது. அழிக்கவில்லை.